எறும்பு மேய்க்கிறது, டீச்சர்!

(வட்டார வள மையத்தில் நடைபெற்ற அறிவியல் ஆசிரியர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘சூழ்நிலை மண்டலத்தை வகுப்பறையில் கற்பித்தல்’ என்ற தலைப்பில் பேசச் சொல்லியிருக்கிறார்கள். இந்தப் பாடத்தை நன்றாக நடத்திய அனுபவத்தைச் சொல்வேன் என்று நீங்கள் எதிர்பார்க்கலாம். நான் சொல்லப்போவது தவறாக நடத்திய அனுபவம். ஒரு மாணவனின் சரியான விடையை நான் சிவப்பு மையால் அடித்த கதை. அதிலிருந்து நான் கற்றதை உங்களோடு பகிர்ந்துகொள்வதே இந்த உரையின் நோக்கம்.

திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் பட்டதாரி ஆசிரியராக இருக்கிறேன். எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலோர் விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள். பள்ளிக்குப் பின்புறம் பத்து சென்ட் அளவுக்கு இடம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஆடிப்பட்டத்தில் அங்கே ஒரு காய்கறித் தோட்டம் போட்டோம். பூசணி, வெண்டை, கத்தரி, வேலியோரம் தட்டைப்பயறு. விளைவதைச் சத்துணவுச் சாம்பாருக்குக் கொடுப்பது என்று திட்டம்.

அதே சமயம் ஏழாம் வகுப்பில் உயிரினங்களுக்கு இடையேயான உறவுகளை நடத்திக்கொண்டிருந்தேன். கரும்பலகையில் புல், அதன் பக்கத்தில் வெட்டுக்கிளி, பிறகு தவளை, பாம்பு, கழுகு என்று எழுதி, நடுவில் அம்புக்குறி போட்டேன். உற்பத்தியாளர், நுகர்வோர், சிதைப்போர் என்று வரையறை சொன்னேன். பிள்ளைகள் மனப்பாடம் செய்தார்கள். பிறகு ஒரு சிறுதேர்வு வைத்தேன். அதில் நானே தயாரித்த ஒரு வினா: “எறும்புக்கும் அசுவினிக்கும் உள்ள தொடர்பு என்ன?” நான் எதிர்பார்த்த விடை, “எறும்பு அசுவினியைத் தின்னும். இது கொன்று தின்னும் உறவு” என்பது.

ஒரு மாணவன் மட்டும் இப்படி எழுதியிருந்தான்: “எறும்பு அசுவினியை மேய்க்கும்.”

அவன் வாசிப்பில் பின்தங்கியவன். எழுத்துப் பிழைகள் நிறைய இருக்கும். அந்த விடைக்குக் குறுக்கே கோடு போட்டேன். அதோடு விட்டிருக்கலாம். விடைத்தாளைக் கொடுக்கும்போது, “எறும்பு என்ன ஆடு மேய்க்கவா போகுது?” என்று வகுப்பில் கேட்டுவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவன் எழுந்து, “இல்ல டீச்சர், மேய்க்கிறது டீச்சர்” என்றான். “உட்கார்” என்றேன். அவனும் உட்கார்ந்துவிட்டான். அதன்பிறகு அவன் வகுப்பில் கை தூக்கவில்லை. அதை நான் கவனிக்கவும் இல்லை.

செப்டம்பரில் தட்டைப்பயற்றின் கொழுந்திலும் பிஞ்சிலும் கருகருவென்று அசுவினி ஏறியது. தோட்டம் வீணாகிவிடுமே என்ற பதற்றத்தில் உரக்கடைக்குப் போய் ஒரு பூச்சிமருந்து வாங்கிவந்தேன். மறுநாள் பிள்ளைகள் பள்ளிக்கு வரத் தொடங்கும் நேரத்தில், காலை வழிபாட்டுக்கு முன்பாக, கைத்தெளிப்பானில் கரைத்து நானே அடித்தேன். தட்டைப்பயற்றுக்கு மட்டுமல்ல, ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று பக்கத்தில் படர்ந்திருந்த பூசணிக்கும் சேர்த்து அடித்தேன். பூசணி மஞ்சள் மஞ்சளாகப் பூத்திருந்தது. அந்த மாணவன் சற்றுத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தான். எதுவும் சொல்லவில்லை.

பிள்ளைகள் நடமாடும் இடத்தில் நஞ்சு தெளித்தது முதல் தவறு. அதை எண்ணி இன்றும் வருந்துகிறேன். பள்ளி வளாகத்தில் அந்த வேலையை யாரும் செய்யாதீர்கள்.

நாலைந்து நாள் அசுவினி காணவில்லை. மகிழ்ச்சியாக இருந்தது. இரண்டு வாரத்தில் முன்பைவிட அதிகமாக வந்து அப்பிக்கொண்டது. பூசணியில் பூ பூத்தது, பிஞ்சு தெரிந்தது, ஆனால் மஞ்சளாகி வெம்பி உதிர்ந்தது. ஒன்றுகூடத் தங்கவில்லை. சத்துணவு சமைக்கும் அக்கா, “என்னா டீச்சர், பூசணிக்காய்ச் சாம்பாருன்னீங்க?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

அந்த மாதப் பெற்றோர் கூட்டத்துக்கு அந்த மாணவனின் அப்பத்தா வந்திருந்தார். கூட்டம் முடிந்து தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தவர், பூசணிக் கொடியைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“டீச்சரம்மா, பூ விரிஞ்சிருக்கிற நேரத்துல மருந்தடிச்சீகளா?”

“ஆமாம்மா, காலையிலதான் அடிச்சேன்.”

“காலையில அடிச்சா ஈ எப்புடி வரும்? ஈ வராம பிஞ்சு எப்புடி நிக்கும்?” என்றவர், பேரனைப் பார்த்து, “ஏண்டா, ஒனக்குத் தெரியும்ல? டீச்சருகிட்டச் சொல்ல மாட்டியா?” என்றார்.

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: “சொன்னா சிரிப்பாக.”

நண்பர்களே, இருபது ஆண்டுகளை நெருங்கும் என் பணிக்காலத்தில் எத்தனையோ ஆய்வு அலுவலர்கள் வந்து குறை சொல்லியிருக்கிறார்கள். அந்த இரண்டு வார்த்தை அளவுக்கு எதுவும் என்னைச் சுட்டதில்லை. தோட்டத்தைக் காப்பாற்றியிருக்கக்கூடிய அறிவு என் வகுப்பிலேயே உட்கார்ந்திருந்தது. அதன் வாயை அடைத்தவள் நான்.

அன்றிரவு புத்தகங்களை எடுத்து வைத்துக்கொண்டு, என் தோட்டத்தில் நடந்தது என்ன என்று ஒவ்வொன்றாகப் படித்தேன்.

முதலில் பூசணி. அதில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. பெண் பூவின் அடியில் சிறு பிஞ்சு போன்ற சூற்பை இருக்கும். ஆண் பூவின் மகரந்தம் கனமானது, பிசுபிசுப்பானது. காற்றில் பறக்காது. தேனீ போன்ற பூச்சி சுமந்து வந்தால்தான் உண்டு. பூ விடியற்காலையில் விரிந்து, வெயில் ஏறுவதற்குள் வாடத் தொடங்கிவிடும். ஒரு பெண் பூவுக்குக் கிடைப்பது ஒரே ஒரு காலைப்பொழுது. அந்த நேரத்தில்தான் நான் நஞ்சு தெளித்தேன். வந்த தேனீ செத்தது, வராத தேனீ ஒதுங்கிப் போனது. மகரந்தம் கிடைக்காத பிஞ்சைச் செடி வைத்துக்கொள்ளாது, உதிர்த்துவிடும்.

அடுத்து அசுவினி. அது செடியின் சாற்றை உறிஞ்சுகிறது. அந்தச் சாற்றில் சர்க்கரை மிகுதி, புரதச் சத்து குறைவு. தேவையான புரதத்தைப் பெற நிறையச் சாறு குடிக்க வேண்டியிருப்பதால், மிஞ்சிய சர்க்கரையை இனிப்பு நீராகப் பின்புறம் வெளியேற்றுகிறது. எறும்புக்கு அதுதான் உணவு. எறும்பு தன் உணர்கொம்பால் அசுவினியைத் தட்டிக்கொடுக்கும், அது துளியை வெளிவிடும். பதிலுக்கு, அசுவினியைத் தின்னவரும் பொறிவண்டுகளையும் அவற்றின் புழுக்களையும் எறும்பு கடித்து விரட்டும். சில வகை எறும்புகள் அசுவினியைத் தூக்கிக்கொண்டுபோய் வேறு கொழுந்தில் விடவும் செய்யும். மாட்டைக் காவல் காத்து, பால் கறந்து, புல்லுள்ள இடத்துக்கு ஓட்டிப்போவதை நாம் என்ன சொல்கிறோம்? மேய்ப்பது என்றுதானே? என் மாணவன் எழுதியதில் ஒரு சொல்கூடத் தவறில்லை.

மூன்றாவது, மருந்து அடித்தபின் அசுவினி ஏன் அதிகமாயிற்று? அசுவினி இணை சேராமலேயே குட்டி போடும். வெப்பமான பருவத்தில் ஏறத்தாழ ஒரு வாரத்தில் குட்டி வளர்ந்து தானும் குட்டி போடத் தொடங்கிவிடும். பொறிவண்டோ முட்டையிட்டு, புழுவாகி, கூட்டுப்புழுவாகி, வண்டாவதற்கு வாரக்கணக்கில் ஆகும். நான் அடித்த மருந்து இரண்டையும் கொன்றது. தப்பிய சில அசுவினிகள் எதிரியில்லாத இடத்தில் வேகமாகப் பெருகின. எதிரி திரும்பி வரத் தாமதமாயிற்று. பகைவனை அழிப்பதாக நினைத்து, பகைவனின் பகைவனையும் சேர்த்து அழித்திருக்கிறேன்.

மறுநாள் ஏழாம் வகுப்பில் அந்த விடைத்தாளைக் கேட்டு வாங்கினேன். எல்லோர் முன்னாலும் என் கோட்டின் மேல் ‘சரி’ போட்டு, மதிப்பெண் கொடுத்து, “இவன் எழுதியதுதான் சரி. நான்தான் தவறாகத் திருத்தினேன், தவறாகச் சிரித்தேன்” என்று சொன்னேன். அவன் ஒன்றும் பேசவில்லை. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். மதிய இடைவேளையில் தோட்டத்துக்கு அழைத்துப் போய், “எப்படி மேய்க்கிறதுன்னு எனக்குக் காட்டு” என்றேன். அப்போதுதான் காட்டினான்.

அதன்பிறகு பாடத்தை எப்படி மாற்றினோம் என்பதைச் சொல்கிறேன். இவற்றுக்குப் பைசா செலவில்லை. உங்கள் பள்ளியில் தோட்டம் இல்லாவிட்டால் ஒரு வேப்பமரமோ, எருக்கஞ்செடியோ போதும். எருக்கிலும் அசுவினி வரும்.

முதல் செயல்பாடு, பத்து நிமிடம் உட்கார்ந்து பார்ப்பது. நான்கு பேர் கொண்ட குழு, ஒரு செடி, ஒரு தாள். யார் வந்தார்கள், என்ன செய்தார்கள் என்று மட்டும் எழுத வேண்டும். பெயர் தெரியாவிட்டால் படம் வரையலாம். தொடக்க வகுப்புப் பிள்ளைகளும் இதைச் செய்வார்கள். தொடக்கூடாது, குளவிக்கூட்டின் பக்கம் போகக்கூடாது என்ற இரண்டு விதிகளை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

இரண்டாவது, ‘யாருக்கு லாபம், யாருக்கு நட்டம்’ அட்டவணை. லாபத்துக்குக் கூட்டல் குறி, நட்டத்துக்குக் கழித்தல் குறி, இரண்டும் இல்லையென்றால் சுழியம். பூசணியும் தேனீயும்: இருவருக்கும் கூட்டல். எறும்பும் அசுவினியும்: இருவருக்கும் கூட்டல். பொறிவண்டும் அசுவினியும்: ஒருவருக்குக் கூட்டல், மற்றவருக்குக் கழித்தல். தட்டைப்பயறும் அசுவினியும்: அதுவும் அப்படியே, ஆனால் இங்கே கொல்லாமல் உறிஞ்சுகிறது. வெண்டையும் கோரையும்: தண்ணீருக்கும் உரத்துக்கும் போட்டி, இருவருக்கும் கழித்தல். தட்டைப்பயற்றின் வேரைத் தோண்டிக் காட்டினால் முடிச்சுகள் இருக்கும். அதில் வாழும் ரைசோபியம் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு ஏற்றதாக மாற்றித் தருகிறது, செடி அதற்குச் சர்க்கரை தருகிறது. இதுவும் இருவருக்கும் கூட்டல். இந்த அட்டவணையை முடித்த பிறகு கூட்டுயிர் வாழ்க்கை, ஒட்டுண்ணி வாழ்க்கை, கொன்று தின்னல், போட்டி என்ற பெயர்களைச் சொன்னால் பிள்ளைகளுக்கு அவை வெறும் சொற்களாக இருப்பதில்லை.

மாட்டின் பின்னால் போகும் உண்ணிக்கொக்குக்கு என்ன குறி போடுவது என்று ஒரு பெரிய விவாதமே நடந்தது. “மாடு நடக்கும்போது எழும்பும் வெட்டுக்கிளியைத்தான் கொக்கு பிடிக்கிறது. மாட்டுக்கு லாபமும் இல்லை, நட்டமும் இல்லை” என்றது ஒரு கட்சி. “உண்ணியையும் கொத்தும், அதனால்தானே அந்தப் பேர்” என்றது இன்னொரு கட்சி. நான் தீர்ப்புச் சொல்லவில்லை. மேய்ச்சல் காட்டுக்குப் போகும்போது பார்த்துவிட்டு வாருங்கள் என்றேன்.

மூன்றாவது, ஒரு சிறு சோதனை. இரண்டு தட்டைப்பயற்றுக் கொடிகளை எடுத்தோம். இரண்டிலும் அசுவினியும் எறும்பும் இருந்தன. ஒன்றின் அடித்தண்டிலும் அது ஏறியிருந்த குச்சியிலும் விளக்கெண்ணெய் தடவிய துணியைச் சுற்றி, எறும்பு ஏறாமல் தடுத்தோம். மற்றதை அப்படியே விட்டோம். எறும்பில்லாத கொடியில் பொறிவண்டின் புழுக்கள் தங்கின, அசுவினி குறைந்தது. எறும்பு இருந்த கொடியில் அசுவினி கூட்டமாகவே இருந்தது. ஒரே ஒரு இணைக் கொடியை வைத்து முடிவு கட்டக்கூடாது, பல கொடிகளில் செய்து பார்க்க வேண்டும் என்பதையும் பிள்ளைகளிடம் சொன்னேன். உயர்நிலை வகுப்புகளில் இதை எண்ணிக்கையோடு, வரைபடத்தோடு செய்யலாம்.

நான்காவது, கயிற்று வலை. ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் உயிரினத்தின் பெயரட்டை. சூரியன், மண், தண்ணீருக்கும் அட்டை உண்டு. தொடர்புள்ளவர்களுக்கு இடையே சணல் கயிறு. பிறகு ‘மருந்து அடித்தாயிற்று’ என்று சொல்லி, தேனீயையும் பொறிவண்டையும் கயிற்றை விடச் சொன்னால், எந்தெந்தக் கயிறு தளர்கிறது என்று பார்க்கலாம். சங்கிலி என்று நாம் சொல்வது உண்மையில் வலை என்பது அப்போது கையிலேயே தெரியும்.

இங்கே ஆசிரியர்கள் கவனிக்க வேண்டிய ஒரு செய்தி, அம்புக்குறி. ‘யார் யாரைத் தின்கிறார்’ என்று நினைத்துப் பிள்ளைகள் அம்பைத் தலைகீழாகப் போடுகிறார்கள். அம்பு ஆற்றல் போகும் திசையைக் காட்டுகிறது. தின்னப்படுவதிலிருந்து தின்பதை நோக்கி அது போக வேண்டும். 1942ஆம் ஆண்டு லிண்டமேன் விளக்கிய பத்து சதவீத விதியையும் இதோடு இணைக்கலாம். செடியில் 10,000 ஜூல் இருந்தால், அசுவினிக்கு ஏறத்தாழ 1,000, பொறிவண்டுக்கு 100, அதைத் தின்னும் பறவைக்கு 10. மேலே போகப் போக ஆற்றல் குறைவதால்தான் கொன்று தின்னும் உயிர்கள் எண்ணிக்கையில் குறைவாக இருக்கின்றன. குறைவாக இருப்பவை அழிந்தால் மீண்டு வரவும் நாளாகிறது.

‘ஒரு தோட்டத்துக்கு இவ்வளவு பேச்சா?’ என்று கேட்கலாம். இதே பாடம் ஒரு நாட்டளவில் நடந்ததை வகுப்பில் சொல்லுங்கள். அதுதான் பாறு கழுகுகளின் கதை.

செத்த மாட்டைத் தின்று ஊரைச் சுத்தமாக வைத்திருந்தவை பாறுகள். 1990களில் ராஜஸ்தானின் பரத்பூரில் அவை செத்து விழுவதை விபு பிரகாஷ் போன்ற ஆய்வாளர்கள் கவனித்தார்கள். சில ஆண்டுகளில் வெண்முதுகுப் பாறுகள் இந்தியாவில் 99 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்துவிட்டன. காரணம் 2004இல் உறுதியானது. மாடுகளுக்கு வலிநிவாரணியாகக் கொடுத்த டைக்ளோஃபினாக் என்ற மருந்து, செத்த மாட்டின் உடலில் தங்கி, அதைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்தது. ஒரு மாட்டை நூற்றுக்கணக்கில் கூடித் தின்னும் பறவை அது. நூறு சடலத்தில் ஒன்றுக்கும் குறைவானதில் நஞ்சு இருந்தாலே இந்த அழிவுக்குப் போதும் என்று கணக்கிட்டார்கள். பாறு ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். ஈடுகட்ட முடியவில்லை.

பாறு போனதும் செத்த மாடுகள் நாய்களுக்கு உணவாயின. நாய் பெருகினால் வெறிநோய் அச்சமும் கூடும். மாட்டின் வலியைப் போக்கக் கொடுத்த மருந்து, பறவை வழியாக மனிதனிடமே வந்து நின்றது. கால்நடைகளுக்கு அந்த மருந்தை இந்திய அரசு 2006இல் தடை செய்தது. மெலாக்சிகாம் என்ற பாதுகாப்பான மாற்று மருந்தும் இருக்கிறது. நம் மாநிலத்தில் நீலகிரியை ஒட்டிய மாயாறுப் பள்ளத்தாக்கில் பாறுகள் இன்னும் கூடு கட்டுகின்றன. திருக்கழுக்குன்றத்து மலையில் நாள்தோறும் வந்து உணவு பெற்றுப் போன இரண்டு கழுகுகளைப் பற்றி நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். அவை மஞ்சள்முகப் பாறு என்ற இனம். இப்போது அவை வருவதில்லை. பிள்ளைகளிடம், “உங்கள் தாத்தா பாட்டி பாறு பார்த்திருக்கிறார்களா என்று கேட்டு வாருங்கள்” என்று வீட்டுப்பாடம் கொடுங்கள். நல்ல நேர்காணல் கிடைக்கும்.

ஏ.ஜி. டான்ஸ்லி என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர் 1935இல் சூழ்நிலை மண்டலம் என்ற கருத்துக்குப் பெயர் கொடுத்தார். அந்தப் பெயர் தெரியாமலே நம் பிள்ளைகளின் வீடுகளில் அந்த அறிவு புழங்கிக்கொண்டிருக்கிறது. எல்லாமே சரி என்று நான் சொல்லவில்லை. அந்த அப்பத்தாவே, “எறும்பு வந்தாத்தான் அசுவினி பொறக்கும்” என்றும் சொன்னார். அது சரியல்ல, அசுவினி வந்த பிறகுதான் எறும்பு வருகிறது. அதையும் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லித்தான் தெளிவாக்கினோம். வீட்டுச் சொல்லாக இருந்தாலும் புத்தகச் சொல்லாக இருந்தாலும் போய்ப் பார்த்துச் சரிபார்ப்பதுதான் அறிவியல். ஆனால் சரிபார்க்க வேண்டுமென்றால், பிள்ளை முதலில் வாய் திறந்து சொல்ல வேண்டும். சிரித்தால் சொல்லமாட்டான்.

தோட்டத்தின் முடிவையும் கேட்பீர்கள். பூசணிக் கொடி மீண்டும் பூத்தது. தேனீ குறைவாக வந்ததால், காலை எட்டு மணிக்குள் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவின் சூலகமுடியில் தடவிவிடும் வேலையைப் பிள்ளைகளே எடுத்துக்கொண்டார்கள். யார் எந்தப் பூ என்று அவன்தான் பிரித்துக் கொடுத்தான். ஆறு காய் தங்கியது. ஆறும் சாம்பாருக்குப் போனது. குப்பையைக் கூட்டி எரிக்கும் வழக்கத்தை நிறுத்தி, ஒரு மட்கு குழி வெட்டினோம். அடுத்த ஆண்டு மருந்து அடிக்கவில்லை. அசுவினி வந்தது, கூடவே பொறிவண்டும் வந்தது. தட்டைப்பயற்றில் கொஞ்சம் சேதம் ஆயிற்று, மீதி கிடைத்தது.

அந்த மாணவன் இப்போது எங்கள் பள்ளியில் இல்லை. உயர்நிலைப் பள்ளிக்குப் போய்விட்டான். எழுத்துப் பிழை இன்னும் முழுதாகப் போகவில்லை என்று அங்குள்ள ஆசிரியர் சொன்னார். அவன் எழுதும் விடைகளை இரண்டு முறை படித்துவிட்டுத் திருத்துங்கள் என்று கேட்டுக்கொண்டேன். உங்களிடமும் அதையே கேட்டுக்கொள்கிறேன்.